நீராவி அக்கா தாண்டிய கோடு

மனிதர்களைப் பார்த்து வாய் பிளக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. குறைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்றின் அலுவலகத்தில், கவுன்டருக்குப் பின்னால் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவனுக்கு அது எங்கிருந்து வரும்? குழாய் ஒழுகுகிறது என்று வருவார்கள். மேல்வீட்டுக்காரன் கட்டிலை இழுக்கிறான் என்று வருவார்கள். லிஃப்ட் நின்றுவிட்டால் அதற்குள்ளிருந்தே போன் செய்து என்னைத் திட்டுவார்கள். எல்லோருக்கும் நான் காட்டியது ஒரே முகம்தான். அந்த முகத்துக்கு இந்தக் கட்டடத்தில் ‘பூட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

அப்படிப்பட்ட நான் ஏழாம் மாடிப் பெண் ஒருவரைப் பார்த்து வாயடைத்து நின்றேன். அதுவும் ஒரு தடவை இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும்.

எங்கள் கட்டடம் பத்து மாடி, மாடிக்குப் பதினான்கு வீடு. ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்கள், பேருந்து கழுவுபவர்கள், ரொட்டிக்கூடத்தில் மாவு பிசைபவர்கள், கடைகளில் நாள் முழுக்க நின்றே கால் வீங்கியவர்கள். குடும்ப வருமானம் ஓர் அளவுக்குள் இருந்தால்தான் இங்கே வீடு கிடைக்கும். அந்த அளவுக்கு இவர்கள் வைத்த பெயர் ‘கோடு’. வருடத்துக்கு ஒரு நாள், எல்லா வீட்டுக்காரர்களும் வருமானச் சான்றிதழோடு என் கவுன்டர் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

கோட்டுக்கு இந்தப் பக்கமே காலத்தை ஓட்டுவதை இவர்கள் ஒரு வித்தையாகக் கற்று வைத்திருந்தார்கள். வருடக் கடைசியில் பேருந்துப் பணிமனைக்காரர்கள் பாதிப் பேருக்கு முதுகுவலி வந்துவிடும். கூடுதல் நேரம் பார்த்தால் கோடு தாண்டிவிடுமே. ரொட்டிக்கூடத்தில் வேலை பார்த்த அண்ணன் தம்பியில் அண்ணனுக்குச் சம்பளம் ஏறினால், தம்பி மறுநாளே வேலையை விட்டுவிடுவான். மூன்றாம் மாடி ஃபிரிட்ஜ் மெக்கானிக் கதை இன்னும் வேடிக்கை. அவருடைய கம்பெனியில் சிறந்த ஊழியர் என்று ஒரு மேசை விசிறியைப் பரிசாகக் கொடுத்தார்கள். பரிசும் வருமானம்தானே என்று பயந்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மூன்று கோடைக்காலம் வியர்த்து வழிந்தபடி அதன் மேல் படுத்துத் தூங்கினார் மனிதர். நான் இதையெல்லாம் என் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

தப்பித் தவறிக் கோட்டைத் தாண்டிவிட்ட இரண்டு மூன்று குடும்பங்கள், நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே, தாங்களாக வந்து சாவியைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போயின. மரியாதை தெரிந்த ஜனங்கள் என்று பாராட்டி வாங்கிக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உங்கள் கட்டடத்துக் குடும்பங்களின் வருமானம் மட்டும் பத்து வருடமாக ஏறாமல் அப்படியே நிற்கிறதே, என்ன காரணம்? பத்துப் பேரை அவரவர் வேலை பார்க்கும் இடத்திலேயே போய்ப் பார்த்து அறிக்கை அனுப்பு என்று உத்தரவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டிவலியோடு நான் ஊர் சுற்ற வேண்டுமாம். முதல் ஆளாக ஏழாம் மாடிப் பெண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் எங்கள் தெருமுனையில் இருந்தது.

அவரைக் கட்டடமே நீராவி அக்கா என்றுதான் கூப்பிடும். வேலை முடிந்து வரும்போது அவர் மேல் வெந்த துணியின் வாசனை அடிக்கும். ஒல்லியான உருவம், நாற்பதைத் தாண்டிய வயது, வலது முன்கையில் இஸ்திரி உருளை சுட்ட பழைய தழும்பு. கணவர் இல்லை. ஒரே மகள், மருந்துக்கடையில் அரைநாள் வேலை பார்த்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. சான்றிதழில் அவர் வேலை ‘துணி மடிப்பு உதவியாளர்’ என்று வருடா வருடம் ஒரே மாதிரி வரும்.

சலவைக்கூடத்துக்குள் காலை வைத்ததும் கண்ணாடியில் நீராவி படிந்து எனக்குக் கண் தெரியவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, வார்டுகளிலிருந்து வந்த அழுக்குத் துணி மூட்டைகளை அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மூட்டையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். கையில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“இதுல துணி இல்லாத ஏதோ ஒண்ணு இருக்கு” என்றார்.

முழங்கை வரைக்கும் கையுறை போட்டுக்கொண்டு மூட்டையைப் பிரித்து, மூன்றாவது விரிப்பின் மடிப்பிலிருந்து ஒரு பல்செட்டை எடுத்தார். விரிப்பின் ஓரத்தில் தைத்திருந்த குறியைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “ஏழாவது வார்டு. ஜன்னலோரக் கட்டில் தாத்தாவோடது. நேத்திலிருந்து சாப்பாடு வேணாம்னு சொல்லிட்டிருப்பாரு, கூச்சத்துல காரணம் சொல்லியிருக்க மாட்டாரு. கழுவிக் கொண்டுபோய் அவர் கையில குடு. எல்லாரும் பாக்குற மாதிரி குடுக்காத” என்றார்.

அந்தப் பெண் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். “அதே தாத்தாதான் அக்கா. அழுதுட்டாரு” என்றாள். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மறந்துபோனேன்.

அதற்குள் சுவரில் இருந்த போன் அடித்தது. எடுத்த சூப்பர்வைசருக்கு வயது இருபத்தைந்து இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கியது. கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. எங்கோ பேருந்து கவிழ்ந்துவிட்டது. கிருமி நீக்கும் அறைக்கு அரை மணி நேரத்தில் நாற்பது அறுவை அங்கிகள் வேண்டும். அந்த மனிதர் அலமாரியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கடைசியில் எல்லோரும் எங்கே பார்ப்பார்களோ அங்கே பார்த்தார். “அக்கா” என்றார்.

நீராவி அக்கா குரலை உயர்த்தவில்லை. கையில் இருந்த விரிப்பை மடித்துக்கொண்டே பேசினார்.

“ரெண்டாவது மெஷின நிறுத்திடாதீங்க தம்பி, அது முடிய நாலு நிமிஷம்தான், அதுல பன்னெண்டு அங்கி இருக்கு. உருளையில ஓடுற ஜன்னல் திரைய எடுத்துடுங்க. குழந்தைங்க வார்டு வண்டில அடித்தட்டுல பதினாறு அங்கி இருக்கும், காலையில தப்பா ஏத்திட்டாங்க, திருப்பணும்னு நினைச்சிட்டிருந்தேன். மிச்சம் காயப்போட்டதுல வரும். நீங்க நாலு பேரு உருளைக்கு வாங்க. யாரும் ஓடாதீங்க, தரை ஈரம்.”

இருபத்திரண்டாவது நிமிடத்தில் வண்டி கிளம்பியது. நான் எண்ணினேன். நாற்பத்திரண்டு.

“ரெண்டு எதுக்கு அதிகமா?” என்று கேட்டேன்.

“போற வழியில ஒண்ணு கீழ விழும் சார். எப்பவும் விழும்.”

“சரி, இன்னொண்ணு?”

“விழுந்தத எடுக்கக் குனியுறப்போ இன்னொண்ணும் விழும்.”

யாரும் சிரிக்கவில்லை. அது அங்கே வேடிக்கை இல்லை போலிருக்கிறது, அனுபவம். அந்தக் கூடத்தில் ஆயிரக்கணக்கான துணிகள் சுற்றுகின்றன, வேகின்றன, காய்கின்றன. அதில் எது இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று ஒரு மனுஷி தலைக்குள் வைத்திருக்கிறார். எனக்கு என் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறதென்று வீட்டுக்காரி சொல்ல வேண்டும்.

சலவைக்கூடத்து மேனேஜரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் யாரென்று தெரிந்ததும் அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“நல்லவேளை வந்தீங்க. அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. மூணு தடவ சூப்பர்வைசர் வேலைய கையில வெச்சேன். மூணு தடவையும் வேணாம்னுட்டா. வந்த மூணு சூப்பர்வைசருக்கும் வேலைய கத்துக்குடுத்தது அவதான். இப்போ இருக்கவரும் வேற ஊருக்குப் போறாரு. எனக்கும் மாத்தல் வந்தாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள அவ சம்மதக் கடிதத்துல கையெழுத்து போட்டா, அந்த இடம் அவளுக்கு. இல்லன்னா வெளியிலிருந்து ஆள் வரும். அதுக்கப்புறம் இவள கேக்கிறதுக்கு இங்க யாருமே இருக்க மாட்டாங்க. கடைசி வரைக்கும் மடிச்சிட்டே இருக்க வேண்டியதுதான்.”

அன்று செவ்வாய்க்கிழமை. தேநீர் இடைவேளையில் நீராவி அக்காவைப் பின்வாசல் படியில் பிடித்தேன்.

“ஏம்மா, வீடு தேடி வர்ற வேலைய மூணு தடவ வேணாம்னு சொன்னியாமே. உனக்கென்ன பைத்தியமா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கிண்டல் செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்கதானே சார் சொன்னீங்க.”

“நானா? எப்போ சொன்னேன்?”

“பதினோரு வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போற பாப்பாவ கையில புடிச்சுட்டு வந்தேன். அப்பவே மேனேஜரம்மா மேல் வேலைக்குக் கேட்டிருந்தாங்க. சம்பளம் கூடினா வீட்டுக்கு ஏதாவது ஆகுமான்னு உங்ககிட்ட கேட்டேன். நீங்க ஆரஞ்சு உரிச்சிட்டிருந்தீங்க. நிமிர்ந்துகூட பாக்கல. கோட்டைத் தாண்டினா காலி பண்ணணும், அடுத்த ஆள் வாங்கன்னு சொன்னீங்க. நான் போய் வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். சின்னப் பொண்ணோட வீட்ட விட்டுட்டு எங்க போவேன்?”

எனக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை. ஆரஞ்சு சாப்பிடுவேன், அது மட்டும் உண்மை.

அலுவலகத்துக்கு வந்து விதிப்புத்தகத்தை எடுத்தேன். என் கணக்கில் இந்தப் பெண் செய்தது சரிதான், விதி அப்படித்தானே இருக்கிறது, இருந்தாலும் ஏதாவது சலுகை உண்டா பார்ப்போம் என்றுதான் எடுத்தேன். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை. திறந்து படித்தேன். மறுபடி படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன்.

கோடு வீட்டுக்குள் நுழைவதற்கு மட்டும்தான். குடியேறியபின் வருமானம் எவ்வளவு ஏறினாலும் இருக்கலாம். ஏறியதற்குத் தக்கபடி வாடகை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். காலி செய் என்ற பேச்சே அதில் இல்லை. காலி செய்யச் சொல்லும் விதி, இதற்கு முன்பு நான் வேலை பார்த்த தற்காலிகத் தங்கும் விடுதிகளுடையது. இடம் மாறி வந்தபோது நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, விதியை மட்டும் தலைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கிறார்கள். முதுகுவலியும், வேலையை விட்ட தம்பியும், கட்டிலுக்கு அடியில் இருந்த விசிறியும் நான் செய்த வேலை. சுற்றறிக்கை கேட்ட கேள்விக்குப் பதில் நான்தான்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் விஷயத்தை முழுவதும் கேட்டுக்கொண்டார்.

“விதி திருத்தப்பட்டதுன்னு ஒரு தாள் ஒட்டிடுங்க. உங்க தலையும் தப்பும், என் தலையும் தப்பும். எழுத்துல எதையும் யாருக்கும் குடுக்காதீங்க” என்றார்.

நல்ல யோசனை என்றே எனக்கும் பட்டது. தாளை அடித்தும்விட்டேன். ஆனால் ஒட்டப் போகும்போது கை வரவில்லை. நீராவி அக்காவிடம் மட்டுமாவது நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. புதன்கிழமை மாலை, விதிப்புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏழாம் மாடிக்குக் கிளம்பினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அந்தப் புகார் மூன்று நாளாக என் மேசையில்தான் கிடந்தது.

கதவைத் திறந்தது மகள். இரண்டு அறை வீடு. ஒரு சுவரோரமாகக் கட்டில், எதிரே தையல் பிரியாத பழைய சோபா, ஜன்னலில் சலவைக்கூடத்து மடிப்பு மாறாமல் தொங்கிய திரை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

நீராவி அக்கா அடுப்பை அணைத்தார். வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மகள்தான் வெடித்தாள்.

“பதினோரு வருஷம் சார். நான் முழுநாள் வேலைக்குப் போறேன்னு சொன்னா, வேணாம்டீ, கோடு தாண்டிடும்னு அம்மா அழுவாங்க. லேப் படிப்புல இடம் கிடைச்சு, உதவித்தொகையும் வருமானத்துல சேந்துடும்னு பயந்து அதையும் விட்டோம். நீங்க ஒரு தடவ அந்தப் புக்க திறந்து பாத்திருக்கக் கூடாதா?”

தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இத எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பீங்க?”

“கேட்ட எல்லார்கிட்டயும்.”

“அப்போ எல்லார்கிட்டயும் போகணும். நாளைக்கு நான் லீவு போடுறேன், நீங்களும் போடுங்க. மேலயிருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு கதவா தட்டுவோம்.”

“விதி மாறிடுச்சுன்னு கீழ ஒரு தாள் ஒட்டிடலாம்னு மேலதிகாரி...”

“ஒட்டாதீங்க” என்றார். குரல் சலவைக்கூடத்தில் கேட்ட அதே குரல். “மாறிடுச்சுன்னு சொன்னா, நாளைக்குத் திரும்ப மாறும்னு பயந்துட்டு யாரும் தாண்ட மாட்டாங்க. எப்பவும் இப்படித்தான் இருந்தது, நான்தான் தப்பா சொன்னேன்னு நீங்க சொல்லணும். அப்பதான் நம்புவாங்க.”

எனக்குப் புத்தி சொல்வதற்காகவோ, என்னைத் தலைகுனிய வைப்பதற்காகவோ அவர் அதைச் சொல்லவில்லை. காரியம் நடக்க என்ன வேண்டும் என்று பார்த்தார், சொன்னார். தன் பதினோரு வருடம் போய்விட்டது என்று தெரிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே ஒரு மாதிரி பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பத்தாம் மாடியில் ஆரம்பித்தோம். மகளும் வந்தாள். விதிப்புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். “இத நான் படிக்கிறேன். உங்க குரலுக்கு இனிமே இங்க மரியாதை இருக்காது” என்றாள். நியாயமான பேச்சு.

ஒவ்வொரு கதவுக்கும் ஒரே வாக்கியம். நான்தான் தப்பாகச் சொன்னேன். முதல் பத்து வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பழகிவிட்டது. அப்படிப் பழகியதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. சிலர் திட்டினார்கள். ரொட்டிக்கூடத்துத் தம்பி கதவை முகத்தில் அறைந்தான். ஐந்தாம் மாடியில் ஒரு அம்மாள் நிதானமாக, “அப்ப எதிர்வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போனாங்களே, அவங்க இருந்திருக்கலாமா?” என்று கேட்டார். இருந்திருக்கலாம் என்றேன். அந்தச் சாவியை வாங்கியபோது நான் அவர்களைப் பாராட்டியது நினைவுக்கு வந்து, படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

“உனக்கு... உங்களுக்கு என் மேல கோவம் இல்லையா?” என்று நீராவி அக்காவிடம் கேட்டேன்.

“இருக்கு சார். நிறைய இருக்கு. முதல்ல இது முடியட்டும், எழுந்திருங்க” என்றார்.

மூன்றாம் மாடியில் ஃபிரிட்ஜ் மெக்கானிக் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். டேப்பைப் பிய்த்தார். விசிறியை மாட்டி ஓடவிட்டு அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று பட்டதாலா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் துணியவில்லை. அதற்குள் அக்கம் பக்கத்தார் பலர் வாசலில் கூடிவிட்டார்கள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க சார். அன்னைக்கும் உங்க வாய்தான் சொன்னது, இன்னைக்கும் உங்க வாய்தான் சொல்லுது. நாங்க எத நம்புறது? புக்குல இருக்கு, சரி, அப்படியே நடத்துவோம்னு தலைமை ஆபீஸ்லிருந்து எழுதிக் குடுப்பாங்களா?” என்றார் மெக்கானிக்.

கொடுக்க மாட்டார்கள் என்று உண்மையைச் சொன்னேன். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“அண்ணே, நான் நாளைக்கு சூப்பர்வைசர் வேலைக்குக் கையெழுத்து போடப் போறேன்” என்றார் நீராவி அக்கா. “முத மாசத்துலேயே கோட்டைத் தாண்டிடுவேன். சான்றிதழ் நாள்ல எல்லாரும் வந்து பாருங்க. என்னை வெளிய அனுப்பினா, நீங்க யாரும் தாண்டாதீங்க. இருன்னு சொன்னா, அதுக்கு மேல யோசிக்காதீங்க.”

மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள். “வீட்ட வெச்சாம்மா காட்டணும்?”

“வேற எத வெச்சு காட்டுறது? வீடு போயிடும்னுதானே எல்லாரும் பயந்தோம்.”

என் ஒரு வார்த்தையை நம்பி அவர் பதினோரு வருடத்தைத் தொலைத்திருந்தார். இப்போது அதே வாயிலிருந்து வந்த இன்னொரு வார்த்தையின் மேல், தலைக்கு மேல் இருந்த ஒரே கூரையை எடுத்து வைக்கிறார். நான் என் வாழ்நாளில் எதையும் அப்படி வைத்ததில்லை. என் பென்ஷன் படிவத்தைக்கூட மூன்று நகல் எடுத்து வைத்திருப்பவன் நான்.

கீழ்த்தளத்துக் கடைசிக் கதவும் முடிந்தது. நீராவி அக்கா மகளை மேலே அனுப்பிவிட்டு, படியில் உட்கார்ந்து என்னைத் திட்டினார். பத்து நிமிடம் இருக்கும். பாப்பாவுக்கு வாங்கித் தராத செருப்பைச் சொன்னார். ஒற்றை ஆளாக இரவு வேலைக்குப் போன வருடங்களைச் சொன்னார். தழும்பைக் காட்டினார். சூப்பர்வைசர் ஆகியிருந்தால் அந்த உருளைக்குப் பக்கத்தில் தான் நின்றிருக்கவே வேண்டாம் என்றார். அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “லிஃப்ட்ட சரி பண்ணச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு ஏழு மாடி ஏறிப் போனார்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டார். லிஃப்ட்டும் அன்றே ஓடியது.

அதன் பிறகு அந்த வருடம் முழுக்க எனக்குப் பதைபதைப்புத்தான். மாதம் ஒரு முறை அந்தப் பக்கத்தைத் திறந்து எழுத்து மாறிவிட்டதா என்று பார்ப்பேன். கட்டடத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நீராவி அக்கா கழுத்தில் சூப்பர்வைசர் அட்டையோடு வேலைக்குக் கிளம்பும்போது பத்து மாடி நடைபாதையிலும் ஆள் நின்று பார்க்கும். சலவைக்கூடத்தில் துணி தேடி யாரும் ஓடுவதில்லை என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். மகள் மருந்துக்கடையில் முழுநாள் வேலைக்கு மாறினாள். இரண்டு சம்பளமுமாகச் சேர்ந்து கோட்டை எங்கோ பின்னால் விட்டுவிட்டன.

சான்றிதழ் நாளுக்கு இரண்டு வாரம் முன்னால், கோட்டுக்கு மேலே போனவர்களின் கோப்பைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு கோப்புதான், நீராவி அக்கா முன்கூட்டியே கொடுத்த சம்பளச் சீட்டுகளோடு. அனுப்பினேன். பதில் சான்றிதழ் நாள் காலையில் ஒட்டிய உறையில் வந்தது. பிரிக்கலாமா என்று பார்த்தேன். அப்படியே கவுன்டரில் வைத்துவிட்டேன்.

வரிசை வாசலைத் தாண்டி மரத்தடி வரைக்கும் நின்றது. வழக்கமாக அந்த நாளில் ஒரே கூச்சலாக இருக்கும். அன்று ஒரு குழந்தை இருமியதுகூடக் கேட்டது. யாரும் சொல்லாமலே நீராவி அக்காவுக்கு முன்னால் வழிவிட்டார்கள். அவர் சான்றிதழை வைத்தார். நான் உறையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“நீங்களே பிரிங்க சார். சத்தமா படிங்க” என்றார்.

பிரித்தேன். முதலில் எழுத்துகள் ஓடின, கண்ணாடியைக் கழற்றி மாட்டினேன். எழுந்து நின்று படித்தேன். குடும்ப வருமானம் வரம்பைக் கடந்துள்ளது. வாடகை விதிப்படி உயர்த்தப்படுகிறது. குடியிருப்பவர் இதே வீட்டில் தொடர்ந்து வசிக்கலாம்.

யாரும் கைதட்டவில்லை. நீராவி அக்கா தாளை வாங்கி, தானே ஒருமுறை விரல் வைத்துப் படித்தார். நான்காக மடித்தார். அவர் விரல்கள் நடுங்கியதை அப்போதுதான் பார்த்தேன். இந்த ஒரு வருடமும் அவருக்குப் பயமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அத்தனை பேர் முன்னால், கவுன்டரில் நின்றபடி.

“டூட்டிக்கு நேரமாச்சு, வரேன் சார்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அடுத்து நின்றது ஃபிரிட்ஜ் மெக்கானிக். சான்றிதழைக் கொடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துக் கவுன்டரில் விரித்தார். மடித்து மடித்து மடிப்பு கிழிந்திருந்தது. அவருடைய கம்பெனி எட்டு மாதத்துக்கு முன்னால் கொடுத்த பதவி உயர்வுக் கடிதம். சம்மதம் என்ற இடம் காலியாக இருந்தது.

“பேனா கொஞ்சம் குடுங்க சார்” என்றார்.

கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு பேனாவைப் பின்னால் நின்ற ரொட்டிக்கூடத்துத் தம்பியிடம் நீட்டினார். தம்பியின் கையிலும் ஒரு தாள் இருந்தது. அவனுக்குப் பின்னால் நின்ற பெண் கைப்பையைத் திறந்துகொண்டிருந்தார். அலுவலகம் மூடும் வரை என் பேனா எனக்குத் திரும்ப வரவில்லை.